ஆலை அட்டையிலிருந்து ரேஷன் கார்டுக்கு: ஸ்ரீராம்புரம் அன்றும் இன்றும்

பின்னி மில் சங்கு ஊதிய காலத்தில் ஸ்ரீராம்புரத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “ஈ.எஸ்.ஐ. இருக்கா?” என்பதுதான். இன்று அதே தெருவில் அதே நிலைமையில் கேட்கப்படுவது, “பி.பி.எல். கார்டு இருக்கா?”. அறுபது ஆண்டுகளில் பெங்களூரின் ஏழைத் தமிழ்க் குடும்பங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது.

மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் இடையில், ஓகலிபுரம், சுதந்திரபாளையா, பிரகாஷ்நகர் என்று ஒன்றையொன்று ஒட்டிக்கிடக்கும் பேட்டைகளின் நடுவில் இருக்கிறது ஸ்ரீராம்புரம். வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே நிறைய. அவர்களை வரவழைத்தவை ஆலைகளும் ரயில்வேயும். 1884-ல் தொடங்கிய துணி ஆலையை ஊரே பின்னி மில் என்று அழைத்தது. மல்லேஸ்வரம் பக்கம் ராஜா மில், மாகடி ரோடு பக்கம் மினர்வா மில். மூன்றுக்கும் ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே ஷிஃப்டுக்குப் போகலாம்.

ஈ.எஸ்.ஐ.க்கு அடிப்படையான தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் 1948-ல் வந்தது. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. பெங்களூருக்கு 1958-ல் வந்து சேர்ந்தது. சம்பளத்தில் ஒரு சிறு தொகை பிடிப்பார்கள், முதலாளி அதைவிடக் கூடுதலாகக் கட்டுவார். பதிலுக்குத் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் டிஸ்பென்சரி, மருந்து, ராஜாஜிநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் படுக்கை எல்லாம் கிடைத்தன. இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், படுத்துக்கிடக்கும் நாட்களுக்கும் கூலியில் ஒரு பங்கு வரும் என்பது. பெண் தொழிலாளிக்குப் பேறுகாலப் படியும் உண்டு. டாக்டர் எரிந்து விழுந்திருக்கலாம், மாத்திரை பொட்டலத்தில் பெயர் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தான் ஏழை என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. தான் வேலை செய்கிறேன் என்று காட்டினால் போதும். கவுன்டரில் நின்றவர் தன் காசுக்கு உரிய மருந்தைக் கேட்டு நின்றார். அந்தத் தலைமுறையின் பேச்சில் இன்றும் தெரிகிற மிடுக்கு அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நிரந்தர வேலை கிடைத்தவர்களுக்குத்தான் அந்த ஈ.எஸ்.ஐ. அட்டை. பதிலித் தொழிலாளி ஆண்டுக்கணக்கில் கேட்டில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பியதும் உண்டு. மூட்டை தூக்கியவர், தள்ளுவண்டியில் காய் விற்றவர், மல்லேஸ்வரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்த பெண் இவர்கள் யாருக்கும் ஈ.எஸ்.ஐ. இல்லை. அவர்களுக்கு மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல் ஆஸ்பத்திரியும், அதற்கும் மேல் போனால் 1900-ல் திறந்த விக்டோரியா ஆஸ்பத்திரியும்தான் கதி. விடியற்காலை சீட்டு வாங்க நின்றால் டாக்டரைப் பார்க்க மதியமாகும். அன்றைய கூலி போனது போனதுதான். எழுதிக்கொடுத்த மருந்தில் பாதியை வெளியில் வாங்க வேண்டும். ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் தாலியை அடகு வைப்பார்கள், இல்லையென்றால் மீட்டர் வட்டிக்கு வாங்குவார்கள்.

சாப்பாட்டுக்கு ரேஷன் கடை, பெங்களூர்ப் பேச்சில் சொசைட்டி. நீளமான கார்டில் கடைக்காரர் பேனாவால் எழுதுவதுதான் கணக்கு. அரிசி, கோதுமை, சர்க்கரை, பண்டிகை வந்தால் பாமாயில். உண்மையான கூட்டம் சீமெண்ணெய்க்குத்தான். கேன்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், கேன் முன்னேறும்போது சண்டையும் வரும். எடையில் அடிப்பது, வாங்காத சரக்கை வாங்கியதாக எழுதுவது, “ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வா” என்று திருப்பி அனுப்புவது என்று பெண்கள் புலம்பாத மாதம் இல்லை. கடையை மாற்றவும் முடியாது. எந்தக் கடையில் பெயர் இருக்கிறதோ அந்தக் கடைக்காரர்தான் ராஜா.

1997 ஜூனில் ஒரு மாற்றம் வந்தது. அப்போது அதன் கனம் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. அதுவரை கார்டு இருந்தால் சரக்கு உண்டு. அதன் பிறகு மத்திய அரசு நாட்டையே வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்து, கீழே (பி.பி.எல்.) இருப்பவர்களுக்கு மட்டும் மலிவு விலை என்றது. கர்நாடகம் அந்த வழியில் போனது. தமிழ்நாடு எல்லாருக்கும் ரேஷன் என்ற ஏற்பாட்டை விடவில்லை. அதனால் ஆம்பூரில் இருக்கும் அக்காவுக்குக் கேள்வி கேட்காமல் கிடைப்பது, ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் தங்கைக்கு வருமானச் சான்றிதழோடு போய் நின்றால்தான் கிடைக்கும் என்றானது. அரிசி அட்டைக்கு அரிசி 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் விலையே இல்லாமல் கிடைக்கிறது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்த ஒப்பீடு வந்துவிடும்.

ஏழை என்று நிரூபிக்கச் சொல்லும் காலமும் ஆலைகள் சரிந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. நலிந்துபோன மினர்வா மில்லை 1971-ல் மத்திய அரசு தன் பொறுப்பில் எடுத்தது, 1974-ல் தேசியமயமாக்கியது. அதை எதிர்த்த வழக்கில் 1980-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தாலும் மாற்ற முடியாது என்று உறுதிசெய்தது. சட்டக் கல்லூரி மாணவர் எவரும் மினர்வா மில் பெயரைச் சொல்லாமல் தேர்வு எழுத முடியாது. அந்த ஆலையில் தறி ஓட்டியவர்களின் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பின்னி மில்லும் தொண்ணூறுகளில் தள்ளாடி, பிறகு ஒரேயடியாக மூடிப்போனது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள். ராஜா மில் இருந்த இடத்தில் 2010-ல் மந்திரி ஸ்கொயர் மால் திறந்தது.

வேலையோடு ஈ.எஸ்.ஐ.யும் போனது. நாற்பது வயதில் ஆலையை விட்டு வெளியே வந்தவர் செக்யூரிட்டி ஆனார், பெயின்டர் ஆனார், ஆட்டோ ஓட்டினார். மகள் பீன்யா பக்கம் கார்மென்ட்ஸுக்குப் போனாள். இன்று அந்தத் தெருக்களில் ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் என்றால் பெரும்பாலும் அவளைப் போன்ற பெண்கள்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத் திட்டம் பொருந்தும். 2019 ஜூலை முதல் தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளக்காரிக்கு மாதம் 90 ரூபாய்தான் பிடிப்பார்கள். ஏழைக் குடும்பத்துக்கு இதைவிட மலிவான நல்ல ஏற்பாடு இந்த நாட்டில் இல்லை. ஆனால் கம்பெனி மூடினால், அல்லது பிள்ளையைப் பார்க்க அவள் வேலையை விட்டால், அதுவும் முடிந்தது.

அந்த வெற்றிடத்தை அரசு பார்க்காமல் இருக்கவில்லை. 2008-ல் ஸ்மார்ட் கார்டு காப்பீடு வந்தது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய். 2010-ல் பெரிய நோய்களுக்கு வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ. 2018 மார்ச்சில் ஆரோக்கிய கர்நாடகா. அதே ஆண்டு அக்டோபரில் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. பி.பி.எல். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை. மற்றவர்களுக்கு நிர்ணயித்த செலவில் 30 சதவீதத்தை அரசு ஏற்கும். தாலியை அடகு வைத்த தலைமுறைக்கு இது கனவிலும் தோன்றியிருக்காது. இதயத்துக்கு ஜெயதேவா, புற்றுநோய்க்குக் கித்வாய் என்று அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க் கைக்காசு கரையாமல் திரும்பியவர்கள் இன்று ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறார்கள். இந்த முன்னேற்றத்தைக் குறைத்துப் பேசுகிறவர், பழைய நாட்களில் ஒரு ஆபரேஷன் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று பார்த்திருக்க மாட்டார்.

இதில் பலர் இடறுவது ஒரே இடத்தில். நேராகப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கார்டை நீட்டினால் நடக்காது. முதலில் அரசு ஆஸ்பத்திரி. அங்கே செய்யக்கூடியதை அங்கேயே செய்வார்கள். வசதி இல்லையென்றால் எழுதிக்கொடுப்பார்கள், அந்த ரெஃபரல் கடிதத்தோடுதான் தனியாருக்குப் போக வேண்டும். மாரடைப்பு, விபத்து போன்ற சுமார் 170 வகை அவசர சிகிச்சைகளுக்கு மட்டும் கடிதம் வேண்டாம், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு நேரே போகலாம். ஆஸ்பத்திரியில் ஆரோக்கிய மித்ரா என்று ஓர் ஊழியர் இதற்காகவே உட்கார்ந்திருப்பார். இது தெரியாமல் முதல் நாளே முன்பணம் கட்டிவிட்டு, பிறகு கார்டைத் தேடும் குடும்பங்கள் ஏராளம். கட்டிய பணம் திரும்புவது அபூர்வம்.

அரிசிக் கதையும் அப்படியே வளர்ந்தது. 2013 ஜூலையில் சித்தராமையா அரசு அன்ன பாக்யாவைத் தொடங்கியது. கிலோ 1 ரூபாய், குடும்பத்துக்கு 30 கிலோ வரை. 2015-ல் அந்த ஒரு ரூபாயும் போய் முற்றிலும் இலவசமானது. கொரோனாவில் மத்திய அரசு ஆளுக்கு 5 கிலோ கூடுதலாகத் தந்தது. 2023-ல் ஆளுக்கு 10 கிலோ என்று வாக்குறுதி கொடுத்து வந்த அரசுக்கு மத்தியத் தொகுப்பிலிருந்து அரிசி விலைக்குக் கிடைக்கவில்லை. 5 கிலோவுக்குப் பதில் கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் ஆளுக்கு 170 ரூபாய் வங்கியில் போட்டார்கள். 2025 தொடக்கத்தில் மறுபடி அரிசியே வந்தது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 40 கிலோ. பெங்களூர் வீடுகள் சோனா மசூரிக்குப் பழகியவை. ரேஷன் அரிசி இட்லி மாவுக்குப் போகும், மிச்சம் தெருவில் வாங்க வருகிறவரிடம் போகும். அது குற்றம் என்று தெரிந்தேதான் விற்கிறார்கள். அந்தக் காசில் பருப்பு வாங்குகிறார்கள். கூடுதல் 5 கிலோவுக்குப் பதில் பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் அடங்கிய பை தரலாம் என்று 2025 அக்டோபரில் அமைச்சரவை எடுத்த முடிவு, அந்த வீடுகளின் அடுப்பைப் பார்த்து எடுத்த முடிவு. ஒழுங்காக நடந்தால் நல்லது.

சொசைட்டியும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. மின் தராசு, விரல் வைக்கும் மெஷின், அச்சடித்த பில். ஒரு கடையில் சரியில்லை என்றால் இன்னொரு கடையில் வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் கர்நாடகம் 2020 ஜனவரியில் சேர்ந்தது. கடைக்காரர் ராஜாவாக இருந்த காலம் முடிந்தது. சீமெண்ணெய்க் கேன் வரிசையும் போய், வீட்டுக்கு வீடு சிலிண்டர்.

இத்தனை நல்லதும் ஒரே ஆணியில் தொங்குவதுதான் என் கவலை. அரிசிக்கு அந்தக் கார்டு. ஐந்து லட்சம் ரூபாய் சிகிச்சைக்கு அதே கார்டு. 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருஹலட்சுமியில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வருவதற்கும், தலைவி யார் என்று சொல்வது அதே கார்டு. அன்று ஒரு பெயர்ப் பிழையால் போனது ஒரு மாதச் சர்க்கரை. இன்று அதே பிழையால் அரிசி, ஆபரேஷன், 2,000 ரூபாய் மூன்றும் ஒன்றாக நிற்கும்.

பெயர்ப் பிழை தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடவே பிறந்த தொல்லை. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஆதாரில் அது முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் பின்னால் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் விரித்து எழுதியிருக்கும். தமிழில் சொன்ன பெயரை ஒருவர் கன்னடத்தில் எழுதுகிறார், இன்னொருவர் அதை ஆங்கிலத்தில் அடிக்கிறார். ஒரே தமிழரசி மூன்று ஆவணங்களில் மூன்று பேராக நிற்கிறாள். முன்பு கடைக்காரர் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்வார். மெஷினுக்கு முகம் தெரியாது.

வேலூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகளின் கதை இன்னும் சிக்கல். அங்கே கார்டில் பெயரை நீக்கி, நீக்கியதற்குச் சான்று வாங்கி வந்தால்தான் இங்கே சேர்க்க முடியும். இங்கே சேர்ப்பதற்கான வாசல் எப்போதும் திறந்திருப்பதில்லை. சில நாட்கள் திறக்கிறார்கள், அந்த நாட்களிலும் “சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க” என்பதுதான் சைபர் சென்டரில் கேட்கும் பதில். கையில் பிள்ளையோடு அவள் திரும்பிப் போகிறாள். அந்தப் பிள்ளை கார்டில் ஏறும் வரை அரசுக் கணக்கில் அதற்குப் பசி இல்லை.

விரலின் கதை வேறு. சிமென்ட் கலக்கியும், பாத்திரம் தேய்த்தும், சலவைச் சோடாவில் ஊறியும் ரேகை அழிந்த விரல்கள் இந்தத் தெருக்களில் சாதாரணம். உழைத்ததாலேயே தேய்ந்த விரலை, நீ நீதானா என்று மெஷின் கேட்கிறது. ஓ.டி.பி. வழியும் விலக்கும் உண்டு. தனியே இருக்கும் முதியவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்த் தர அன்ன சுவிதா என்று ஒரு திட்டமும் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் ஓ.டி.பி. வர வேண்டிய போன் மகனிடம் இருக்கிறது, மகன் வேலைக்குப் போயிருக்கிறான்.

எல்லாவற்றிலும் மோசமானது அந்த வருமான வரம்பு. பி.பி.எல். கார்டுக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. பெங்களூரில் அரசே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அதைத் தாண்டுகிறது. சட்டப்படி சம்பளம் வாங்கும் ஒரே ஒருவர் வீட்டில் இருந்தால் போதும், அந்தக் குடும்பம் காகிதத்தில் ஏழை இல்லை. வங்கியில் சம்பளம் ஏறும் கார்மென்ட்ஸ் பெண் கண்ணில் படுவாள், அவளைப்போல் மூன்று பங்கு ரொக்கமாகச் சம்பாதிப்பவர் படமாட்டார். 2024 நவம்பரில் தகுதியில்லாத கார்டுகளை நீக்குகிறோம் என்று புறப்பட்டபோது நடந்தது இதுதான். தகுதியுள்ளவர்களின் கார்டும் சேர்ந்து போய்க் கூச்சல் எழுந்தது. அரசு ஊழியர்களும் வருமான வரி கட்டுபவர்களும் தவிர மற்றவர்களுக்குத் திருப்பித் தரச்சொல்லி முதல்வரே சொல்ல வேண்டி வந்தது. தவறுதலாக நீக்கியவர்கள் ஒரு நிமிடத்தில் நீக்கினார்கள். திரும்பப் பெற அலைந்தவர்கள் கூலியை விட்டு அலைந்தார்கள்.

கார்டு கேட்காத வாசல்களும் ஸ்ரீராம்புரத்தைச் சுற்றி இருக்கின்றன. அவை எவ்வளவு சுலபமாக வேலை செய்கின்றன என்று பாருங்கள். அங்கன்வாடிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால் சாப்பாடு. அரசுப் பள்ளியில் மதிய உணவு. 2013 ஆகஸ்ட் முதல் பாலும் உண்டு. பக்கத்து ராஜாஜிநகரின் இஸ்கான் கோயிலார் 2000-ல் பெங்களூரின் ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குத் தொடங்கிய அட்சய பாத்திரா இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. சென்னையின் அம்மா உணவகத்தைப் பார்த்து 2017 ஆகஸ்டில் தொடங்கிய இந்திரா கேன்டீனில் 5 ரூபாய்க்குக் காலை டிபன், 10 ரூபாய்க்குச் சாப்பாடு. பசித்தவர் வரிசையில் நின்றால் போதும், அவர் எந்த மாநிலம், எந்தக் கோட்டுக்குக் கீழே என்று யாரும் கேட்பதில்லை. தொடக்கத்தின் தரமும் பராமரிப்பும் எல்லாக் கேன்டீனிலும் நீடிக்கவில்லை என்பது உண்மை. அதற்கு மருந்து, சமைத்துத் தருபவரின் பில்லை நேரத்துக்குக் கட்டுவதும் சமையலைக் கண்காணிப்பதும்தான், மூடுவது அல்ல.

மாநகராட்சியின் ரெஃபரல் ஆஸ்பத்திரி ஒன்று ஸ்ரீராம்புரத்திலேயே இருக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து வார்டுக்கு ஒன்றாக நம்ம கிளினிக் திறந்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல், கர்ப்பிணிப் பரிசோதனை எல்லாம் காசில்லாமல். குறை ஒன்று உண்டு. கிளினிக் பெரும்பாலும் காலை 9-லிருந்து மாலை 4.30 வரைதான். கூலிக்குப் போகிறவர் வீடு திரும்பும் நேரத்தில் அது பூட்டியிருக்கும், அவர் தெருமுனைத் தனியார் டாக்டரிடம் ஊசிக்குக் காசு கொடுப்பார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி சுலபமாகியிருக்கிறது. 2014 மார்ச்சில் ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோ வந்தது. 2017 ஜூனில் கே.ஆர். மார்க்கெட் வழியாகப் பாதை திறந்ததும் விக்டோரியா நான்காவது ஸ்டேஷன் ஆனது. 2025-ல் மெட்ரோ கட்டணம் ஏறியபின் பெண்கள் மறுபடி பஸ்ஸையே பார்க்கிறார்கள். 2023 ஜூன் முதல் அவர்களுக்குப் பஸ் இலவசம்.

அன்று உதவி குறைவாக இருந்தது, அதைப் பெற வேலை இருந்தால் போதும். இன்று உதவி எத்தனையோ மடங்கு பெருகியிருக்கிறது, அதைப் பெற ஏழ்மையைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கத் தெரிந்தவர் பெறுகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர், நேற்று ஊரிலிருந்து வந்தவர், தனியே இருக்கும் கிழவி இவர்கள்தான் நழுவுகிறார்கள், உதவி யாருக்காக வந்ததோ அவர்களே. ஆகவே கர்நாடக அரசிடம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கார்டில் பெயர் சேர்க்கும் வாசல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கட்டும். மாதம் 10,000 என்ற வரம்பைக் குறைந்தபட்சக் கூலிக்கு மேலே உயர்த்தட்டும். நம்ம கிளினிக் இரவு எட்டு மணி வரை இருக்கட்டும். ஸ்ரீராம்புரம் ரெஃபரல் ஆஸ்பத்திரியில் கன்னடமும் தமிழும் தெரிந்த ஒருவர், காகிதம் பார்த்துக்கொடுக்க மட்டும், ஒரு மேசை போட்டு உட்காரட்டும்.

இதைப் படிக்கிறவர் பெங்களூரில் இருந்தால், உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் இந்த வாரம் ஒரு தடவை கேளுங்கள்: கார்டில் எல்லார் பெயரும் இருக்கிறதா, இ-கே.ஒய்.சி. என்ற ஆதார் சரிபார்ப்பு முடிந்ததா, போன் நம்பர் அவர் கையில் இருக்கும் நம்பர்தானா. ரேஷன் புகாருக்கு 1967, மருத்துவத் தகவலுக்கு 104. அந்த இரண்டு எண்களையும் அவர் போனில் போட்டுக்கொடுங்கள். ஆஸ்பத்திரி என்று வந்தால் முன்பணம் கட்டும் முன் ஆரோக்கிய மித்ராவைப் பார்க்கச் சொல்லுங்கள்.